எட்டுப் பவுண்டு நீல உடுப்பு

1766ஆம் ஆண்டு ஜூலை மாதம், கரீபியன் கடலிலுள்ள மான்செராட் தீவில், ஒலாவ்டா எக்வியானோ என்னும் இளைஞர் 40 பவுண்டு எண்ணிக் கொடுத்துத் தம் எஜமானரிடமிருந்து தம்மையே விலைக்கு வாங்கிக்கொண்டார். 3 பென்ஸை முதலாகக் கொண்டு ஒரு கண்ணாடிக் குவளையை வாங்கி விற்றதில் தொடங்கி, கப்பல் நின்ற துறைமுகங்களில் எல்லாம் சில்லறைச் சரக்கு வாங்கி விற்று, ஏமாற்றப்பட்டும் அடிபட்டும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. 1789இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அந்தப் பணத்தைப் பற்றி அவர் சொல்லும் ஒரு செய்தி பல மாதங்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. விடுதலைப் பத்திரம் கைக்கு வருவதற்கு முன்பே, அது வந்தே தீரும் என்ற உறுதி இல்லாத நிலையிலேயே, அவர் 8 பவுண்டுக்கு மேல் செலவிட்டு, விடுதலை கிடைக்கும் நாளில் உடுத்தி ஆடுவதற்கென்று நயமான உடுப்பு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். தம் உடலுக்கு இட்ட விலையில் ஐந்தில் ஒரு பங்கை உடுப்புக்குக் கொடுத்தார். பின்னர் அவர் நடத்திய ஆடல் நிகழ்ச்சிகளில் அந்த நீல உடுப்பு எடுப்பாகவே இருந்ததாகத் தமக்குத் தோன்றியது என்றும் எழுதியிருக்கிறார்.

அந்த உடுப்பை அவர் குறிப்பிடும் சொல் 'சூப்பர்ஃபைன்'. மிக நயமான கம்பளித் துணிக்கு அந்தக் காலத்துத் துணி வணிகர்கள் வைத்திருந்த தரப்பெயர் அது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 2025 மே 10 முதல் அக்டோபர் 26 வரை நடத்திய கண்காட்சிக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார்கள். கறுப்பின மக்களின் தையல் நயத்தையும் உடை மிடுக்கையும் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் சென்று காட்டிய அந்தக் கண்காட்சிக்கு, இதே பொருளில் 2009இல் ஆய்வு நூல் வெளியிட்ட பேராசிரியர் மோனிகா மில்லர் பொறுப்பேற்றிருந்தார். அங்கே வைக்கப்பட்டிருந்த உடைகளை நான் படங்களில்தான் பார்த்தேன். ஆனால் கோட்டு வெட்டித் தைக்கும் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், படத்தில் பார்த்தாலும் தோள் எப்படி உட்கார்ந்திருக்கிறது, கை எந்தக் கோணத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது என்றுதான் என் கண் முதலில் போகும். அப்படிப் பார்த்துப் பார்த்து, கிடைத்ததை எல்லாம் படித்து, மனத்தில் சேர்ந்துவிட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'டாண்டி' என்று சொல்லப்படுபவரைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஷோக்குப் பேர்வழி, மைனர், பகட்டுக்காரர் என்று நம்மிடம் புழங்கும் சொற்கள் எல்லாவற்றிலும் உடுத்துபவரை ஒரு படி கீழே இறக்கிப் பார்க்கும் தொனி ஒட்டியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லிலும் அந்தத் தொனி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் டாண்டிகளின் தலைவராகக் கருதப்பட்ட போ பிரம்மல், கழுத்துத் துணியைக் கட்டுவதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டார் என்று கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் பிரம்மல் எதை உடுத்தினாலும் அவரை யாரும் பிடித்துக்கொண்டுபோய் விற்கப்போவதில்லை. கறுப்பின மனிதர் ஒருவர் நல்ல கோட்டு அணிவது வேறு வகைச் செயல். அதற்கு மிடுக்கு என்ற சொல்லையே நான் வைத்துக்கொள்கிறேன். நடையும் நிமிர்வும் உடையும் சேர்ந்த ஒன்றைக் குறிப்பதற்கு நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

என் தொழில் அளவெடுப்பதில் தொடங்குகிறது. நாடாவைத் தோளில் வைக்கும்போது, எதிரில் நிற்பவரின் இடது தோள் வலது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதையும், முதுகு லேசாகக் கூனியிருப்பதையும் குறித்துக்கொண்டு, அந்த ஓர் உடலுக்கு மட்டும் பொருந்தும்படி துணியை வெட்டுகிறோம். அடிமை முறையிலும் உடலை அளந்தார்கள். ஏலமேடையில் உயரத்தையும் பல்லையும் தசையையும் பார்த்து விலை போட்டார்கள். ஆனால் அந்த உடலுக்கு உடை தரும்போது மட்டும் யாரும் அளவெடுக்கவில்லை.

அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புப் போராளியான ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில், தாம் பிறந்து வளர்ந்த மேரிலாந்துப் பண்ணையில் ஆண்டுக்கு ஒருமுறை வழங்கப்பட்ட உடைகளைக் கணக்குப் பிள்ளையின் துல்லியத்தோடு பட்டியலிடுகிறார். வேலை செய்யும் ஒருவருக்கு முரட்டு லினன் சட்டை இரண்டு, அதே துணியில் கால்சட்டை ஒன்று, மேற்சட்டை ஒன்று, குளிர்காலத்துக்கு முரட்டு நீக்ரோத் துணியில் ஒரு கால்சட்டை, ஒரு சோடி காலுறை, ஒரு சோடி காலணி. இவை எல்லாம் சேர்ந்து 7 டாலருக்கு மேல் பெறாது என்கிறார். வயலில் வேலை செய்யும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு சட்டைகள் மட்டுமே. அவை கிழிந்துவிட்டால் அடுத்த வழங்கல் நாள்வரை அம்மணமாகத்தான் திரிய வேண்டும். அவர் குறிப்பிடும் நீக்ரோத் துணி, அந்தப் பெயரிலேயே வணிகம் செய்யப்பட்ட சரக்கு. அடிமை முறையைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்ட வடக்கு மாநிலமான ரோட் ஐலண்டின் ஆலைகள், தெற்கத்திப் பண்ணைகளுக்கென்றே அந்த முரட்டுத் துணியை நெய்து அனுப்பிச் செழித்தன.

உடை எவ்வளவு அச்சமூட்டியது என்பதற்குச் சட்டமே சான்று. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதற்கு மறு ஆண்டு அந்தக் குடியேற்றம் நிறைவேற்றிய சட்டத்தில், எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தடைசெய்யும் பிரிவோடு உடைக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. அடிமைகள் தங்கள் நிலைக்கு மேற்பட்ட உடைகளை உடுத்துகிறார்கள் என்று குற்றஞ்சாட்டும் அந்தப் பிரிவு, அவர்கள் அணியத் தக்க துணிகளைப் பெயர் பெயராக வரிசைப்படுத்துகிறது. நீக்ரோத் துணி, முரட்டுக் கம்பளி, நீல லினன், கட்டம் போட்ட பருத்தி என்று நீளும் அந்தப் பட்டியலில், கோழிக்கோட்டின் பெயரால் உலகெங்கும் அறியப்பட்ட காலிகோவும் உண்டு. இவற்றைவிட உயர்ந்த எதையும் ஓர் அடிமை உடுத்தியிருக்கக் கண்டால், காவலர் அதைப் பறித்துத் தமக்கே வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. சீருடை அணிந்த வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அந்த விலக்கைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கசப்பு இன்னும் போகவில்லை. பட்டும் வெல்வெட்டும் சரிகையும் கறுப்பு உடல்மேல் ஏறுவதை அவர்கள் மறுக்கவில்லை. அதைத் தேர்ந்தெடுப்பவர் எஜமானராக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய நிபந்தனை.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் இந்த நிபந்தனையை மீறியவர்களில் ஒருவர் ஜூலியஸ் சுபீஸ். கரீபியனில் அடிமையாகப் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, குவீன்ஸ்பரி கோமாட்டியின் வீட்டில் வளர்ந்தார். வாள்வீச்சும் குதிரையேற்றமும் கற்று, வைரக் கொக்கிகளும் நறுமணமுமாக நகரத்தின் பேச்சுப் பொருளானார். 1772இல் அவரைக் கேலி செய்து படம் அச்சிட்டு விற்றார்கள். எஜமானிக்கு அழகு சேர்க்கும் பொம்மையாக அவர் நின்றவரை ரசித்தவர்கள், தம் விருப்பப்படி உடுத்தித் தம் விருப்பப்படி நடக்கத் தொடங்கியதும் சிரித்தார்கள். பின்னர் அவர் கல்கத்தாவுக்கு வந்து குதிரையேற்றப் பள்ளி நடத்தி, 1798இல் அங்கேயே இறந்தார். நியூ ஆர்லியன்ஸில் 1786இல் ஸ்பானிய ஆளுநர் மிரோ, ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் அலங்கரித்த கூந்தலை வெளிக்காட்டாமல் துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டபோது, அந்தப் பெண்கள் வண்ண வண்ணத் துணிகளை உயர்த்திக் கட்டி அந்தக் கட்டையே அலங்காரமாக்கினார்கள். அந்தத் துணிகளில் மதராஸ் கைக்குட்டைத் துணியும் இருந்தது. நம் நெசவாளர்களின் தறியிலிருந்து புறப்பட்ட கட்டத் துணி, அவர்கள் கண்டிராத ஒரு கரையில், அவர்கள் அறியாத ஒரு மீறலில் பங்குகொண்டதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இந்த வரலாற்றில் தையற்காரனான என்னை மிகவும் ஆட்கொண்டவர் எலன் கிராஃப்ட். ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் அடிமையாக இருந்த அவர் தேர்ந்த தையற்காரி. அவருடைய முதல் எஜமானரே அவருக்குத் தந்தையும் ஆவார் என்பதால், பார்ப்பவர்கள் வெள்ளையர் என்று எண்ணும் நிறம் அவருக்கு. கணவர் வில்லியம் மரவேலை செய்பவர். 1848 டிசம்பரில் இருவரும் சேர்ந்து ஒரு திட்டம் தீட்டினார்கள். எலன் நோயாளியான ஓர் இளம் வெள்ளைப் பண்ணையார் போல உடுத்திக்கொள்வார், வில்லியம் அவருடைய அடிமை வேலையாளாக உடன் செல்வார். தேவையான உடைகளை ஒரே கடையில் வாங்கினால் ஐயம் எழும் என்பதால், வில்லியம் வெவ்வேறு நேரங்களில் நகரின் வெவ்வேறு பகுதிகளுக்குப் போய் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். கால்சட்டையை மட்டும் எலன் தம் கையாலேயே தைத்துக்கொண்டார். அந்தச் செய்தியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. கோட்டைக் கடையில் வாங்கி ஒப்பேற்றிவிடலாம். ஆணுக்கு வெட்டிய கால்சட்டை பெண்ணின் இடுப்பில் உட்காராது, நடக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். தொழில் அறிந்த அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இரவில், அகப்பட்டால் உயிர் போகும் என்ற நிலையில், அவர் ஒவ்வொரு தையலாகப் போட்டு அந்தக் கால்சட்டையை முடித்திருப்பார்.

தலைமுடியைக் கத்தரித்து, உயரத் தொப்பியும் பச்சைக் கண்ணாடியும் அணிந்து, முகத்தில் கட்டுப் போட்டு, எழுதத் தெரியாததை மறைக்க வலக்கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, எலன் தொடர்வண்டியிலும் நீராவிப் படகிலும் முதல் வகுப்பில் அமர்ந்து, ஏறத்தாழ ஆயிரம் மைல் பயணம் செய்தார். கிறிஸ்துமஸ் நாள் காலையில் இருவரும் ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திர மண்ணில் இறங்கினார்கள். பண்ணையார் என்பவர் யார் என்று அந்த நான்கு நாட்களும் சகபயணிகள் தீர்மானித்தது தொப்பியையும் கோட்டையும் வைத்துத்தான். மேலாதிக்கம் என்று சொல்லப்பட்டதில் எவ்வளவு பங்கு வெறும் உடுப்பாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

டக்ளஸும் உடையால்தான் தப்பினார். 1838இல் மாலுமி உடை அணிந்து, கடன் வாங்கிய மாலுமிச் சான்றிதழோடு வடக்கே போனார். அதற்குப் பிறகு அவர் தம் தோற்றத்தை ஒருபோதும் பிறர் கையில் விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்டவர் அவர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதுவரை 160க்கும் மேற்பட்ட படங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. கறுத்த கோட்டு, வெயிஸ்ட்கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டை, நேர்கொண்ட பார்வை, சிரிக்காத முகம் என்று அவை ஏறத்தாழ எல்லாமே ஒரே உறுதியோடு இருக்கின்றன. சிரிக்காமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்க அச்சுக் கடைகளில் விற்ற கேலிப் படங்களும், முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளை நடிகர்களின் மேடைக் கூத்துகளும், நன்றாக உடுத்த கறுப்பின மனிதரைப் பல்லைக் காட்டும் கோமாளியாகவே சித்திரித்தன. பொருந்தாத வால்கோட்டும் மிகைப்பட்ட தொப்பியுமாக வரையப்பட்ட அந்தக் கோமாளி நாடு முழுவதும் அறிமுகமானவன். அவனை அழிக்க டக்ளஸ் ஒவ்வொரு புகைப்படக் கூடத்திலும் போய் உட்கார்ந்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் அணிந்திருந்த வால்கோட்டு ஒன்று நியூயார்க் கண்காட்சியிலும் வைக்கப்பட்டிருந்தது.

கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகக் கறுப்பின மக்களின் புகைப்படங்கள் 300க்கு மேல் தொகுத்து அனுப்பியபோதும், கிழக்கு செயின்ட் லூயிஸில் கறுப்பின மக்கள் படுகொலை செய்யப்பட்டதை எதிர்த்து 1917 ஜூலை 28 அன்று ஏறத்தாழ 10,000 பேர் நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் ஒரு சொல்லும் பேசாமல் நடந்தபோதும், இதே உறுதி தெரிகிறது. கோடை வெயிலில் ஆண்கள் அடர்ந்த நிறச் சூட்டிலும், பெண்களும் குழந்தைகளும் வெள்ளை உடையிலும் வந்தார்கள். அடக்கி ஒலித்த முரசுகளைத் தவிர வேறு ஓசை இல்லை.

ஆனால் மிடுக்கு என்பது எப்போதும் இப்படி அடக்கமாகவே இருந்ததில்லை. 1930களின் இறுதியில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் ஆடல் கூடங்களில் பரவிய சூட் சூட் (zoot suit) என்னும் உடை, அடக்கத்துக்கு நேர் எதிர்த் திசையில் போனது. பஞ்சு வைத்து அகட்டிய தோள், முழங்கால்வரை நீண்ட கோட்டு, மார்புக்குச் சற்றுக் கீழேயே தொடங்கும் உயர்ந்த இடுப்பு, முழங்காலில் விரிந்து கணுக்காலில் குறுகும் கால்சட்டை, தொங்கும் கடிகாரச் சங்கிலி, அகன்ற விளிம்புத் தொப்பி. பின்னாளில் கறுப்பின உரிமைத் தலைவரான மால்கம் எக்ஸ் இளைஞராகப் பாஸ்டனில் கடனுக்கு வாங்கிய முதல் சூட் சூட்டின் அளவுகளைத் தம் தன்வரலாற்றில் சொல்கிறார். வான்நீலக் கால்சட்டை, முழங்காலில் 30 அங்குலம், கீழே 12 அங்குலம். தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் பேசும். 30 அங்குலத்திலிருந்து 12 அங்குலத்துக்கு அவ்வளவு குறுகிய நீளத்தில் துணியை இறக்கும்போது, மடிப்பு எங்கே விழும் என்று முன்கூட்டியே கண்டு வெட்டாவிட்டால் கால்சட்டை சாக்குப்பை போலத் தொங்கும். அது ஆடும்போது சுழல வேண்டும், நிற்கும்போது விழ வேண்டும். ஹார்லெமிலும் சிகாகோவிலும் அதை வெட்டியவர்கள் கைதேர்ந்தவர்களாக இருந்திருக்கிறார்கள்.

1942இல் போர்க்காலத் துணிக் கட்டுப்பாடு வந்தபோது, இவ்வளவு கம்பளித் துணியை உடுத்துவதே நாட்டுப்பற்று இல்லாத செயலாகிவிட்டது. மறு ஆண்டு ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் கடற்படை வீரர்கள் தெருத் தெருவாகச் சென்று சூட் சூட் அணிந்த இளைஞர்களை அடித்து, நடுத்தெருவில் அவர்களுடைய உடைகளை உரித்தார்கள். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்தவர்கள், கறுப்பின இளைஞர்களும் ஃபிலிப்பினோக்களும் அவர்களோடு இருந்தார்கள். உரித்தவர்களைக் காவல்துறை பெரும்பாலும் விட்டுவிட்டு, உரிக்கப்பட்டவர்களைக் கைது செய்தது. நகர மன்றம் அந்த உடையையே தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1740ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதற்கும் இருநூறு ஆண்டு இடைவெளி. பறிக்கும் கை மாறவில்லை.

இங்கே ஒரு வாதத்தை நான் நேராக எதிர்கொள்ள வேண்டும். ஒழுங்காக உடுத்தினால் மதிப்பார்கள் என்ற நம்பிக்கை கறுப்பின மக்களிடையே நெடுங்காலம் இருந்தது, அதை எதிர்த்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் போய் அமர்ந்த நான்கு கல்லூரி மாணவர்களும் நேர்த்தியாக உடுத்தி வந்திருந்தார்கள். 1965இல் வாக்குரிமை ஊர்வலத்தின்போது செல்மா பாலத்தில் போராளி ஜான் லூயிஸ் மண்டை உடைபட்டு விழுந்தபோது அவர் கழுத்தில் டை இருந்தது. கோட்டு தடியடியைத் தடுக்கவில்லை. அதற்குள்ளாகவே மிஸிஸிப்பியில் மாணவர் இயக்கத்தினர் பலர் சூட்டைக் கழற்றிவிட்டு, தாங்கள் யாருக்காகப் போராடினார்களோ அந்த உழவர்களின் டெனிம் உடுப்புக்கு மாறியிருந்தார்கள். அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். மனிதராக நடத்தப்படுவதற்கு நுழைவுக் கட்டணமாக நல்ல கோட்டைக் கேட்கும் ஒழுங்கு அநீதியான ஒழுங்கு. ஆனால் கிரீன்ஸ்பரோ மாணவர்களின் உடையைக் கெஞ்சலாகப் பார்ப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும்போது உடுத்தும் உடுப்பை, வாரம் முழுவதும் பிறர் வீட்டிலும் வயலிலும் உழைத்துவிட்டு அந்த ஒரு நாள் தமக்காக உடுத்தும் உடுப்பை, அவர்கள் அந்த மேசைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பாட்டியும் தாயும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வளர்த்த பழக்கம் அது. வெள்ளையர் பார்க்காத இடத்திலும் அது இருந்தது.

ஆண்களை மட்டுமே பேசிக்கொண்டு போகக் கூடாது. 1920களிலும் 30களிலும் ஹார்லெமில் பாடிய கிளாடிஸ் பென்ட்லி, வெள்ளை டக்ஸீடோவும் உயரத் தொப்பியும் அணிந்து பியானோவின் முன் அமர்ந்தார். பெண்களை நேசித்ததை மறைக்காமல் பாடினார். இன்றும் அவருடைய புகைப்படத்தைப் பார்த்தால், கோட்டின் கழுத்து மடிப்பு மார்பில் படிந்திருக்கும் விதத்திலேயே அது அவருக்கென்று வெட்டப்பட்டது என்று தெரிகிறது.

ஆப்பிரிக்காவிலேயே இந்த மிடுக்கு எடுத்த உருவங்களில் காங்கோ நாடுகளின் சப்பர்கள் தனித்து நிற்கிறார்கள். பிரஸாவில் நகரின் பக்கோங்கோ பகுதியிலும், ஆற்றுக்கு அக்கரையில் கின்ஷாசாவிலும், தச்சரும் ஓட்டுநரும் கடைக்காரருமாக உழைக்கும் மனிதர்கள், இளஞ்சிவப்புச் சூட்டும் பட்டுக் கைக்குட்டையும் புகைக் குழாயும் பளபளக்கும் காலணியுமாகச் செம்மண் தெருவில் நடந்து வருகிறார்கள். குடியேற்றக் காலத்தில் ஐரோப்பிய எஜமானர்களின் பழைய உடைகளைக் கூலியாகப் பெற்ற வீட்டு வேலையாட்களிடமிருந்து இந்தப் பழக்கம் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். பாரிஸில் வாழ்ந்து, காங்கோ மக்களின் உரிமைக்காக இயக்கம் நடத்தி, 1942இல் சிறையில் இறந்த ஆந்த்ரே மட்சுவாவைச் சப்பர்கள் தங்கள் முன்னோராகக் கொண்டாடுகிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று நிறங்களுக்கு மேல் அணியக் கூடாது என்பது அவர்களிடையே புகழ்பெற்ற விதி. சண்டை போடாமை, மரியாதையாகப் பேசுதல், தூய்மை ஆகியவையும் அந்த ஒழுக்கத்தில் அடங்கும்.

1970களில் சயீரின் (இன்றைய காங்கோ சனநாயகக் குடியரசின்) அதிபர் மொபுட்டு, குடியேற்ற எச்சம் என்று சொல்லி மேலைச் சூட்டையும் டையையும் விலக்கி, 'சூட்டு ஒழிக' என்று பொருள்படும் அபாகோஸ்ட் என்ற மேற்சட்டையை ஆண்கள்மேல் திணித்தார். பாடகர் பாப்பா வெம்பாவும் அவரைப் பின்பற்றிய இளைஞர்களும் ஐரோப்பிய, ஜப்பானிய வடிவமைப்பாளர்களின் சூட்டுகளை அணிந்து மேடையிலும் தெருவிலும் நின்றார்கள். ஐரோப்பிய உடையைத் தூக்கி எறிவது விடுதலை என்று ஆட்சி சொன்னபோது, நான் எதை உடுத்துவேன் என்று நீ சொல்லாதே என்பதையே அவர்கள் விடுதலையாக எடுத்துக்கொண்டார்கள். மொபுட்டுவின் நோக்கத்தில் நியாயம் ஏதும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆணையிட்டு உடுத்தச் செய்ததில்தான் அவர் அந்தப் பழைய எஜமானர்களோடு போய்ச் சேர்ந்தார்.

பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் இல்லாத ஊரில் ஒரு சோடிக் காலணிக்குப் பல மாதக் கூலியைக் கொடுப்பது முறையா என்ற கேள்வி காங்கோவிலேயே கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வியை நான் எளிதில் தள்ளிவிடமாட்டேன். கடனில் மூழ்கிய சப்பர்களும், அவர்களுக்காக வயிற்றைக் கட்டிய மனைவியரும் இருக்கிறார்கள். ஆயினும் வறியவரின் செலவை மட்டும் இப்படிக் கணக்குப் பார்க்கும் பழக்கத்தை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். எக்வியானோவின் 8 பவுண்டையும் யாரேனும் வீண் செலவு என்று சொல்லியிருக்கக் கூடும். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கின் ஜூலுத் தொழிலாளர்களான ஸ்வெங்காக்கள், வாரம் முழுவதும் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை இரவுகளில் சூட்டணிந்து போட்டிக்கு நிற்கிறார்கள். கால்சட்டையின் ஓரத்தை உயர்த்திக் காலுறையைக் காட்டுகிறார்கள், கோட்டை விரித்து உள்துணியைக் காட்டுகிறார்கள், நடுவர் குனிந்து பார்த்துத் தீர்ப்பளிக்கிறார். அவர்களுடைய சனிக்கிழமையை அவர்களிடமிருந்து எந்தக் கணக்கும் வாங்கிவிட முடியாது.

தைக்கும் பக்கத்திலும் பெயர்கள் உண்டு. கானாப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த ஓஸ்வால்ட் போட்டெங், 1990களின் நடுவில், சூட்டுத் தையலுக்குப் பெயர்பெற்ற லண்டன் தெருவான சவில் ரோவின் முனையில் கடை திறந்து, அந்தத் தெருவின் இறுகிய சாம்பல் நிறத்துக்குள் ஊதாவையும் செந்நிறத்தையும் கொண்டுவந்தார். 1982இல் ஹார்லெமின் 125ஆம் தெருவில் டாப்பர் டான் திறந்த கடை, இரவும் பகலும் மூடாமல், பெரிய நிறுவனங்களின் முத்திரைகளைத் தோலில் தாமே அச்சிட்டு வாடிக்கையாளரின் உடலுக்கென்று தைத்தது. நிறுவனங்களின் வழக்குகளாலும் சோதனைகளாலும் 1992இல் மூடப்பட்டது. 2017இல் குச்சி நிறுவனத்தின் மேடையில் அவருடைய பழைய மேற்சட்டை ஒன்றை அப்படியே ஒத்த உடை வந்தபோது எழுந்த எதிர்ப்புக்குப் பின், அந்த நிறுவனம் அவரோடு சேர்ந்து ஹார்லெமில் தையற்கூடம் திறந்தது. 2018இல் வர்ஜில் ஆப்லோ லூயி வித்தோனின் ஆண்கள் பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். பின்னோக்கிப் போனால், 1821இல் உடைகளைத் தண்ணீரின்றிச் சுத்தம் செய்யும் முறைக்கு நியூயார்க் தையற்காரர் தாமஸ் ஜென்னிங்ஸ் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவராக அறியப்படுபவர் அவரே.

இந்த வரிசையைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போகும்போது, தொழில்முறைத் தையற்காரர் யாரும் இல்லாத ஓர் இடத்தில் என் மனம் நின்றுவிடுகிறது. 1856இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, பின்னாளில் பெரும் கல்வியாளரான புக்கர் வாஷிங்டன், தம் சிறுவயதில் உடுத்த ஆளி நார்ச் சட்டையைப் பற்றி 1901இல் எழுதினார். நூல் நூற்கும்போது கழிவாக ஒதுங்கும் முரட்டு நாரில் நெய்த சட்டை அது. அதைப் புதிதாக உடுத்தும்போது நூறு குண்டூசிகள் ஒரே நேரத்தில் தோலில் குத்துவதைப் போன்ற வேதனை இருக்கும் என்கிறார். அளவும் கிடையாது, தேர்வும் கிடையாது, அந்தச் சட்டையை விட்டால் உடுத்த வேறு எதுவும் கிடையாது. அவருக்குச் சில ஆண்டுகள் மூத்தவரான அண்ணன் ஜான், தம்பிக்குப் புதுச் சட்டை கொடுக்கப்பட்டபோது அதைத் தாம் வாங்கி அணிந்துகொண்டார். சில நாட்கள் தம் தோலில் அந்த நாரைத் தேய்த்து முனை மழுங்கச் செய்துவிட்டு, பிறகுதான் தம்பியிடம் கொடுத்தார்.